காதுக்குள் ஒரு ரோமாபுரி ஞானி

மேகலாவின் கணவர் கதிரேசனின் காதில் ஒரு ரோமாபுரி ஞானி குடியிருந்தார். கோபமோ கவலையோ ஆசையோ தலைதூக்கினால் போதும், காதில் மாட்டிய கடலைப்பருப்பு அளவிலான கருவி ஒன்று அந்தப் பழங்கால ஞானியின் குரலில் உடனே புத்தி சொல்லும். கம்பெனியில் எல்லோருக்கும் இலவசமாக மாட்டிவிட்டிருந்தார்கள். அதன்பின் அங்கே யாரும் சம்பள உயர்வு கேட்டதில்லை.

அன்று மாலை மகள் நிலானி வீங்கிய கன்னத்தோடு வந்து நின்றாள். புருஷன் மறுபடியும் அடித்திருந்தான்.

"அப்பா, நீங்க வந்து ஒரு வார்த்தை கேளுங்கப்பா. கேக்க ஆளில்லைன்னுதான் கை நீட்டறாரு."

கதிரேசன் நான்காவது தோசையைச் சட்னியில் புரட்டினார். அளவோடு உண்ணச் சொல்லும் பாடம் மட்டும் அவர் காதில் ஏறியதே இல்லை.

"அடுத்தவங்க செய்யறது நம்ம கையில இல்லம்மா. நம்ம மனசுதான் நம்ம கையில."

மேகலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அந்த ரோமாபுரிக்காரன் அப்படி என்னதான் ஓதறான்? நானும் கேக்கறேன்!" என்று கருவியைப் பிடுங்கித் தன் காதில் வைத்தாள். சத்தமே இல்லை.

"என்னங்க, இது செத்துக் கிடக்கே!"

"அது தீபாவளிக்கே போயிடுச்சு" என்றார், துளியும் பதறாமல்.

மேகலா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இத்தனை மாதமாக அவள் திட்டித் தீர்த்ததெல்லாம் பாவம், அந்த ஞானியை!

கருவியைக் குப்பைக்கூடையில் எறிந்துவிட்டு மகளின் கையைப் பிடித்தாள். "வாடி, போலீஸ் ஸ்டேஷனுக்கு நாமளே போவோம்."

வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து நிதானமான குரல் வந்தது.

"போறதுதான் போற, இன்னும் ஒரு தோசை ஊத்தி வெச்சிட்டுப் போயேன்."