வீட்டுக்காரர் சம்மதம்

அந்தப் பாதையை மூன்றாம் முறையாக அழித்தார் பாச்சா.

ஊரார் தாங்களே கூடி வரைகிற இணைய வரைபடம் அது. நில அளவைத் துறையில் ஓய்வு பெற்ற நாள்முதல், சின்ன காஞ்சிபுரத்துச் சந்து பொந்துகளையெல்லாம் அதில் ஏற்றியவர் அவர். அப்படிப்பட்டவரின் சொந்தக் கொல்லையைக் குறுக்கே வெட்டி, பின்னாலுள்ள காலனியிலிருந்து முன்தெருவுக்கு ஒரு நடைபாதை போட்டிருந்தாள், யாரோ நதியாவாம். போதாததற்குக் குறிப்பு வேறு: 'வீட்டுக்காரர் சம்மதத்துடன்.'

"அம்ருதா, கேட்டியோ? நான் சம்மதம் கொடுத்தேனாம்."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்ருதவல்லி நிமிரவில்லை. "ஒரு கோடுதானே. இருந்துட்டுப் போகட்டுமே."

"கோடுதானேவா? முப்பத்தாறு வருஷம் சங்கிலி பிடிச்சு அளந்தவன்கிட்டப் பேசற பேச்சா இது? கொல்லைக் கதவு அப்பா காலத்துல பூட்டினது. சாவி எங்கேன்னு எனக்கே தெரியாது."

"உங்களுக்குத் தெரியாததெல்லாம் இல்லைன்னு ஆயிடுமா?" என்றவள், பால் பொங்குவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டாள்.

பாச்சா விடவில்லை. வரைபடத்தில் அவர் பெயர் 'சர்வேயர்' என்று மட்டுமே இருக்கும். அந்தப் பெயரில் நதியாவுக்கு எழுதினார்: 'இல்லாத பாதையை வரைவது குற்றம். உன் மேல் புகார் கொடுக்கப் போகிறேன்.'

உடனே பதில் வந்தது. 'இருக்குது சார். காலைல அஞ்சரைக்கு வந்து பாருங்க. கம்பெனி பஸ்ஸுக்குப் போற வழி. சுத்திக்கினு போனா ஒன்றரை கிலோமீட்டர். நீங்க அழிச்சதால, புதுசா குடிவந்த ரெண்டு பொண்ணுங்க நேத்து வழி தெரியாம பஸ்ஸை விட்டுட்டாங்க. இன்னொரு நாள் விட்டா வேலையே போயிடும்.'

"பொய்யைக்கூட மணி சொல்லிப் புளுகறா," என்று முணுமுணுத்தார் பாச்சா.

மறுநாள் வழக்கம்போல் ஐந்து மணிக்குக் கோயிலுக்குப் புறப்பட்டவர், தெருமுனையில் திரும்பினார். ஊரைச் சுற்றி வந்து, தம் கொல்லைச் சுவருக்கு வெளியே வேப்பமரத்தின் பின்னால் நின்றுகொண்டார். விடியலில் சன்னதியில் பாசுரம் பாடும் கோஷ்டியில் முதல் குரல் அவருடையது. அன்று அது இல்லாமலே பெருமாள் துயிலெழுந்தார்.

ஐந்தரைக்கு, கிரீச்சென்ற ஓசைகூட இல்லாமல், கொல்லைக் கதவு திறந்தது.

சீருடையும் சாப்பாட்டுப் பையுமாக இருபது பெண்கள் வரிசையாக நுழைந்தார்கள். கதவருகே டார்ச் பிடித்து நின்றவள் அம்ருதவல்லி.

"கிணத்தடி வழுக்கறது, பாத்துப் போங்கோ. வடிவு, முட்டிவலி தேவலையா?"

"தேவலைம்மா," என்று திரும்பிய வடிவின் கண்ணில் பாச்சா பட்டுவிட்டார். "ஏ நதியா, இவருதான்டி வீட்டுக்காரரு."

நதியா ஓடி வந்தாள். "நல்ல வேளை சார், நீங்களே வந்தீங்க. யாரோ சர்வேயராம், வேலைவெட்டி இல்லாத ஆளு போல. இந்த வழியே கிடையாதுன்னு அழிச்சிக்கினே இருக்காரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

பாச்சா வாயைத் திறக்குமுன் வடிவு முந்திக்கொண்டாள். "ஆறு வருஷமா உங்க தயவுலதான் பஸ்ஸைப் புடிக்கிறோம்யா. 'அவர்தான் திறந்து வைக்கச் சொல்லிட்டுக் கோயிலுக்குப் போறார்'னு அம்மா மொத நாளே சொல்லிட்டாங்க. சாயங்காலம் மட்டுந்தான் சுத்திக்கினு வர்றோம்."

பாச்சா மனைவியைப் பார்த்தார். அவள் டார்ச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அந்தச் சர்வேயர்கிட்ட நான் பேசிக்கறேன். நீ மறுபடியும் போடும்மா, நதியா," என்றவர், மனைவியின் பக்கம் திரும்பினார். "சாயங்காலமும் திறந்து வைக்கச் சொல்லியிருந்தேனே, அம்ருதா. மறந்துட்டியா?"