கழுதைமுதுகுப் பஞ்சர்

சைக்கிள் பஞ்சர் தற்செயலாக நேர்கிறது என்று உலகம் நம்புகிறது. வருத்தத்துடன் மறுக்கிறேன். பஞ்சருக்குக் கிழமை உண்டு, நேரம் உண்டு, இடம் உண்டு. சனிக்கிழமை, காலை பத்தேகால், கழுதைமுதுகு அடிவாரம்.

ஆதாரம் என்னிடம் இருக்கிறது. நோட்டில் தேதிவாரியாக நாற்பத்தொரு பஞ்சர். அத்தனையும் ஒரே ஆளின் பின்சக்கரத்தில்: ரொட்டி கெத்தின்.

எங்கள் வேல்ஸ் கிராமத்தில் பாதிப் பேருக்கு ஒரே பெயர். அதனால் தொழிலைச் சேர்த்துத்தான் கூப்பிடுவோம். கெத்தின் பேக்கரிக்காரன். தபால் நெரிஸ், ஆட்டுக்கார இட்வல். நான் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார்.

சனிக்கிழமைதோறும் நால்வரும் சைக்கிளில் கிளம்புவோம். கல்குவாரி ரயில் ஓடிய பழைய தடம். தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுச் சரளை கொட்டியிருக்கிறார்கள். கார் வராது. எதிரே ஆடு வரும், அவ்வளவுதான். தடம் முடிகிற இடத்தில் கழுதைமுதுகு நிமிர்ந்து நிற்கும். இவர்கள் அதை மலை என்கிறார்கள். அறுநூறு மீட்டருக்குக் குறைந்தால் அது குன்று. பலமுறை சொல்லியாயிற்று.

இரண்டு வருஷத்துக்கு முன், கார்டிஃபில் அக்கா வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு நான் திரும்பினேனே, அந்த வசந்தத்தில்தான் பஞ்சர்கள் தொடங்கின.

இன்றும் அடிவாரத்தில் 'புஸ்ஸ்' என்றது.

"அடடா, முள்ளு!" என்றான் கெத்தின்.

"ஜூன் மாசத்துல ஏதுப்பா முள்ளு? வேலிச்செடி வெட்டினாத்தானே பாதையில முள்ளு கிடக்கும்? குருவி கூடு கட்டுற காலத்துல வேலி வெட்டவே அனுமதி கிடையாது."

"சட்டம் தெரியாத முள்ளு போல, வாத்தியாரே. இந்தாங்க, பழ ரொட்டி சாப்பிடுங்க."

வழக்கம்போலப் பதினொரு நிமிடம் எடுப்பான். ரொட்டி கொடுப்பான், கதை சொல்வான். இம்முறை நான் வேலிக் கேட்டில் சாய்ந்து நிற்கவில்லை. அவன் கழற்றிய டியூபைப் பிடுங்கிக் காற்றடித்து, ஆட்டுத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினேன்.

ஒரு குமிழிகூட வரவில்லை.

"ஓட்டையே இல்ல!" என்று கூவினேன். தொட்டியில் வாய் வைத்திருந்த ஆடு மிரண்டு நகர்ந்தது. "நீயே காத்தைப் பிடுங்கி விட்டிருக்கே! ரெண்டு வருஷமா!"

கெத்தினின் காது சிவந்தது. "ஆமா, வாத்தியாரே."

"ஏன்?"

"ஏத்தத்தைப் பார்த்தா... கொஞ்சம் மூச்சு வாங்கிக்கலாம்னு."

"அதை வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன? நாப்பத்திரண்டு சனிக்கிழமை எங்களை ஏமாத்தியிருக்கே. இனிமே இவன் நம்ம கூட வரக் கூடாது. ஓட்டெடுப்பு வைப்போம்!"

"ஆடுங்களுக்கும் ஓட்டு உண்டா?" என்றான் இட்வல்.

நெரிஸ் என்னைப் பார்த்த பார்வையில், தபாலைத் தப்பான வீட்டில் போட்டுவிட்ட ஒரு கலக்கம் இருந்தது. "வேணாம், வாத்தியாரே. விடுங்க."

"முடியாது. ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கு."

"விடு, நெரிஸ்," என்றான் கெத்தின். "நீங்க போங்க. நான் வரல."

போனோம். நான்தான் முன்னால். இரண்டு ஆண்டுகளில் முதல் முறையாக, நிற்காமல் நேராக ஏற்றத்துக்கு! முதல் வளைவில் பாடினேன். இரண்டாம் வளைவில் பாட்டை நிறுத்தினேன். மூன்றாம் வளைவில் சைக்கிள் தானாகப் பள்ளத்தில் சாய்ந்தது. நான் ஒரு பாறையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காற்று எல்லா இடத்திலும் இருந்தது, என் மார்பைத் தவிர.

நெரிஸ் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "மெதுவா. மெதுவா. பேசாதீங்க."

"இன்னிக்கு... வெயில்..."

"மேகமூட்டமா இருக்கு, வாத்தியாரே. கார்டிஃப்ல உங்களுக்கு அக்காவே கிடையாது. உங்க நெஞ்சுல ஸ்டென்ட் வச்சப்ப பக்கத்துல நின்ன நர்ஸு என் சித்தி பொண்ணு."

"ஊர்ல யாருக்கெல்லாம் தெரியும்?" என்றேன்.

இட்வல் பொய் பேசத் தெரியாதவன். யோசித்துச் சொன்னான்: "ஆடுங்களுக்குத் தெரியாது."

"ஏறுறதுக்கு முன்னாடி நீங்க பத்து நிமிஷம் நிக்கணும், அவ்வளவுதான்," என்றாள் நெரிஸ். "நில்லுங்கன்னு சொன்னா, அடுத்த சனிக்கிழமை நீங்க வந்திருப்பீங்களா?"

நான் பாட்டிலின் மூடியைத் திருகினேன்.

"நீங்க வராத சனிக்கிழமை ஒண்ணுலகூட கெத்தினுக்குப் பஞ்சர் ஆனதில்ல. வேணும்னா நோட்டைப் பாருங்க."

பார்க்கத் தேவையில்லை. நான் வராத சனிக்கிழமைகள் என் நோட்டில் இல்லை.

கீழ் வளைவில் சரளை நெரிபடும் சத்தம் கேட்டது. கெத்தின் ஒரே மூச்சில், சீட்டிலிருந்து எழும்பாமல், விசிலடித்துக்கொண்டு ஏறி வந்தான்.

"உங்க கூட வரல, வாத்தியாரே. தனியா வந்தேன்."

என்னைப் பார்த்தான். நெரிஸைப் பார்த்தான். பிறகு குனிந்து பின்சக்கரத்து வால்வைத் திருகினான்.

புஸ்ஸ்ஸ்.

"அடடா," என்று என் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தான்.

நான் நோட்டை எடுத்து எழுதினேன்: 'பஞ்சர் எண் நாற்பத்து மூன்று. காரணம்: முள்.'