டப்பா காட்டிய வழி

“இந்தப் போனும் ஜிபிஎஸ் டப்பாவும் இருக்கிறவரை, நானே தொலைஞ்சு போக நினைச்சாலும் செயற்கைக்கோளெல்லாம் சேர்ந்து என்னை விடாது!” என்றார் ஓய்வுபெற்ற தபால்காரர்.

“ஆமா, கிழிச்சுது! ஆறு மணிக்கு நம்ம பொண்ணு கைக்குழந்தையோட ரயிலைவிட்டு இறங்கிடுவா. நாம அரைமணியா இங்கேயே சுத்துறோம். உங்க போன் வாயைத் திறக்குதா?” என்றாள் மனைவி.

“செயற்கைக்கோளைப் பிடிக்கிறது டப்பாதானே? அதோட புளூடூத்துல இணைஞ்சாத்தானே போன் பேசும்? அதுக்கு முப்பதடிக்குள்ள வரணும்.”

அப்போதுதான் போன் இடப்பக்கம் திரும்பச் சொன்னது.

தபால்காரர் குதித்தார். “இணைஞ்சிடுச்சு! பக்கத்துலதான் இருக்கு!”

வாகன நிறுத்துமிடம் முழுக்க இருவரும் நடையாய் நடந்து தேடிய அவர்களுடைய கார், ஒரு லாரியின் மறைவில், டப்பாவைச் சுமந்தபடி நின்றிருந்தது.

மனைவிக்கு மூச்சு வந்தது. “ஒத்துக்கறேங்க. வழி காட்டுமோ என்னவோ, காரைக் காட்டிடுச்சு!”