இரண்டு பேர் வண்டி

"ரெண்டு பேரு உக்கார்ற கார்ல மூணாவது ஆளு எங்க உக்காரும்ப்பா?"

வசந்தா ஆறு வயதில் கேட்ட கேள்வி அது. பாண்டிச்சேரியை விட்டுக் கிளம்பிய ஒரு பிரெஞ்சுக்காரரிடம் அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிவந்த அன்று, அதைக் கேட்டு அவள் அப்பா தேவநாதன் சிரித்தார். இப்போது வசந்தா விடுதியில் தங்கிப் படிக்கிறாள். தேவநாதன் ஆடி மாதம் மாரடைப்பில் போய்விட்டார். வண்டி மட்டும் மரக்காணத்தில் அவருடைய உப்பளத்துக் கொட்டகையில் நின்றது.

அதை விலைக்குக் கேட்டு மெட்ராஸிலிருந்து ராமதாஸ் வந்திருந்தார். சோதித்துப் பார்க்கக் கிளியனூர் மெக்கானிக் சகாதேவனைக் கூட்டி வந்திருந்தார். மூணாங்கிளாஸ் படிக்கிற மகளைக் கூப்பிடப் பள்ளிக்கூடம் விடுமுன் போக வேண்டும் என்று மட்டும் அவன் சொன்னான்.

தேவநாதனின் மனைவி அமராவதி சாவியோடு வரப்பில் முன்னால் நடந்தாள். கொட்டகைக்கு இரண்டு சாவி. ஒன்று கணவர் போன பிறகு எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

வண்டி விலை போனால்தான் போன மாதப் புயலில் கரைந்த பாத்திகளுக்குத் தையில் கரை கட்ட முடியும். இல்லையென்றால் உப்பளத்தையே விட்டுவிட வேண்டியதுதான். அதுகூட வேறு யாருக்கோ நடப்பதுபோல் இருந்தது அவளுக்கு. ஆடியிலிருந்து எல்லாமே அப்படித்தான்.

பூட்டைத் திறந்து, வழக்கம்போல் தோள் கொடுத்துக் கதவைத் தள்ளினாள். அது சத்தமில்லாமல் திறந்துகொள்ள, தடுமாறி உள்ளே போய் நின்றாள். கீலைப் பிடித்த கையில் எண்ணெய் ஒட்டியது. முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"சார், முன்னாடியே சொல்லிடறேன். மூணு வருஷத்துக்கு முன்னால ஐப்பசி மழையில இத ரோட்டுல ஏறின கழுவெளி ஏரித் தண்ணியில ஓட்டிட்டாரு. உப்புத் தண்ணி உள்ள பூந்துடுச்சி. அப்புறம் ஸ்டார்ட்டே ஆவல."

"அந்த மழையில எங்கம்மா போனாரு?"

"பாண்டிக்கு."

ராமதாஸ் மேற்கொண்டு கேட்கவில்லை. இந்தப் பக்கம் மதுவிலக்கு; பாண்டியில் கிடையாது. மரக்காணத்து ஆண்பிள்ளை பொழுது சாயும் நேரத்தில் பாண்டிக்குப் போனான் என்றால் யாரும் காரணம் கேட்பதில்லை. அவளும் அன்று கேட்கவில்லை. விடிந்தபின் சேறும் ஈரமுமாக வந்து நின்றவரிடம் ஒரு துண்டை எறிந்துவிட்டு உள்ளே போனாள். அவரும் எதுவும் சொல்லவில்லை. சாகும்வரை சோறு போடவா, தண்ணீர் வேண்டுமா என்பதற்கு மேல் அவர்களுக்குள் பேச்சு வளரவில்லை.

சகாதேவன் கைக்குட்டையில் சுற்றிய காந்தத்தைக் கதவிலும் மட்கார்டிலும் வைத்து வைத்து எடுத்தான். பட்டி பூசித் துருவை மறைத்த இடத்தில் அது ஒட்டாது என்று ராமதாஸுக்குச் சொன்னான். பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். ஆள் வருமுன் இன்ஜினைச் சூடேற்றிவைத்து ஏமாற்றுவார்களாம்; சில்லென்று இருந்தால்தான் நம்பலாமாம். ஆர்.சி. புத்தகத்து எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஒத்துப்போயின.

"உப்புக்கண்டம் போட்ட காருப்பா இது. அந்தக் கால் மேட்டத் தூக்கு. ஏறி உக்காந்தா காலு ரோட்டுல நிக்கப் போவுது" என்றார் ராமதாஸ்.

அமராவதி வேறு பக்கம் பார்த்தாள். தரைத் தகடு அப்பளமாய்ப் பொரிந்து கிடந்ததைக் கண்ணால் பார்த்தவள் அவள்.

"பழைய தரை அரிச்சிப்போயி, புதுத் தகடு வெச்சிருக்குது சார்" என்றான் சகாதேவன். "வேலை கெட்டியா இருக்குது. சேஸிஸ்ல பின்பக்கம் கொஞ்சம் துரு இருக்குது, அதையும் சொல்லிடறேன்."

"யாரும்மா வெச்சது?"

"எனக்குத் தெரியாது சார்."

சகாதேவன் குனிந்து ஆயில் குச்சியை உருவினான். தண்ணீர் கலந்திருந்தால் பாலாய் வெளுத்திருக்கும். இது தேன் நிறத்தில் இருந்தது. கைப்பிடியைச் செருகிச் சுற்றினான். மூன்றாவது சுற்றில் இன்ஜின் உறுமியது. புகை வரவில்லை.

அமராவதிக்குச் சந்தோஷமும் வரவில்லை. அவர்தான் சாவதற்கு முன் செய்துவைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். இதையும் தன்னிடம் சொல்லவில்லை.

அவள் கேட்ட விலைக்கே ராமதாஸ் சம்மதித்தார். பெரிய ரோடு வரை ஓட்டிப் பார்த்து வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். சத்தம் தேய்ந்தது. மழைக்காலத்து உப்பளத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஆள் கிடையாது.

சகாதேவன் சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து அவள் கையில் வைத்தான். கொட்டகையின் இன்னொரு சாவி.

"வண்டியச் சரி பண்ணச் சொல்லி ஐயா குடுத்ததும்மா. இன்னிக்கி நாளைக்கின்னு நான்தான் தள்ளிட்டேன். அவரு இருக்கும்போதே செஞ்சிருக்கணும். விக்கப் போறீங்கன்னு தெரிஞ்சப்புறம், நாலு நாளா பின்பக்க வரப்பால வந்து வேலை பாத்துட்டுப் போனேன்."

"எதுக்குப்பா இதெல்லாம்? நீ யாரு?"

அவன் கார் போன பாதையைப் பார்த்தபடி நின்றான்.

"அன்னிக்கி மழையில ஐயா அந்த வண்டியில பாண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனப்ப, என் மடியில எம் பொண்ணு இருந்துதும்மா."