மேசைமேல் கிடந்த பம்ப்

தங்கை விமானத்தை எடுத்துக்கொண்டு கிளம்பி ஒரு மணி நேரம் கழித்துத்தான் மெக்கானிக்கான அண்ணன் சாப்பிட்டுவிட்டு ஷெட்டுக்குத் திரும்பினான். விமானத்தின் பெட்ரோல் பம்ப் அவன் மேசைமேல் கிடந்தது. காலையில் அவனேதான் கழற்றினான். ‘எடுக்காதே’ என்ற சிவப்பு அட்டையை விமானத்தில் மாட்ட மறந்திருந்தான். அந்தப் பம்ப் இல்லாமல் டாங்கிலிருந்து ஒரு சொட்டுகூட எஞ்சினுக்குப் போகாது.

ரேடியோவில் கூப்பிட்டான்.

“என்னண்ணா?” என்றாள். பின்னால் எஞ்சின் சீராக ஓடும் சத்தம்.

சொல்ல வாயெடுத்தவன் விழுங்கிக்கொண்டான். சொன்னால் அந்தச் சத்தம் நின்றுவிடும் என்று ஏனோ தோன்றியது.

“எங்க சமதரை தெரியுதோ அங்கயே இறங்கிடு.”

“ஏன்? ஒழுங்காத்தானே ஓடுது?”

“கேள்வி கேக்காதம்மா. இறங்கு.”

அறுவடை முடிந்த வயலில் இறக்கினாள். அவன் ஜீப்பில் போய்ச் சேர்ந்து, முதலில் அவள் கை காலைத் தொட்டுப் பார்த்தான். பிறகு எஞ்சின் மூடியைத் திறந்தான். பம்ப் இருந்த இடம் காலியாக இருந்தது. குழாய்களின் வாயில் காலையில் அவன் திணித்த துணி அப்படியே இருந்தது, ஈரமில்லாமல்.

அவளும் எட்டிப் பார்த்தாள்.

“மேல போன கொஞ்ச நேரத்துலயே ஒருதரம் நின்னுடுச்சுண்ணா,” என்றாள் மெதுவாக. “அவ்வளவுதான்னு கண்ணை மூடிக்கிட்டேன். அப்புறம் சத்தம் மறுபடி வந்துச்சு.”

அவன் எஞ்சின்மேல் கை வைத்தான். அந்த வெயிலிலும் அது சில்லென்றிருந்தது.