காளியண்ணன் மகன்

மாலை கழுத்தில் விழுந்தபோது பச்சமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

வெள்ளைக்கல் கம்பெனி முற்றத்தில் பந்தல். ஓமலூர்ச் சாலை வரைக்கும் கூட்டம். துரை இங்கிலீஷில் பேசப் பேச, பெரிய கிளார்க் வெங்கடாசலம் தமிழில் சொன்னார்.

யாரும் போகத் துணியாத இடத்துக்கு இந்த இருபத்திரண்டு வயதுப் பையன் தனியாகப் போனான். மலையின் பின்பக்கம் நரிப் பொந்து ஒன்றில் நுழைந்து, மார்பு தேய ஊர்ந்து, தலைமுறைக்கும் தீராத வெள்ளைக்கல்லைக் கண்டுவந்தான். தகப்பன் தொடங்கியதை மகன் தொடர்கிறான். கம்பெனி அவனுக்கு வெள்ளி மெடல் அளிக்கிறது.

துரை நிறுத்தினார். வெங்கடாசலம் நிறுத்தவில்லை.

“இவனப்பன் காளியண்ணனும் கெட்டிக்காரன்தான். நமக்கு முதல் குழியைக் காட்டினவனே அவன்தான். என்ன, பொண்டாட்டி புள்ளைய உட்டுப்போட்டு மலாயாவுக்கு ஓடிட்டான். மகனாவது ஊர்ல இருக்கோணும்.”

கூட்டம் சிரித்தது.

பெண்கள் பக்கம் கடைசியில் உட்கார்ந்திருந்த பச்சமுத்துவின் தாய் பூவாத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பதினோரு வருஷமாக அவளுக்கு இந்தச் சிரிப்புத்தான். கிணற்றடியில், சந்தையில், மாரியம்மன் கோயில் வாசலில். முதலில் அழுதாள். பிறகு ஓடிப்போனவனைத் திட்டக் கற்றுக்கொண்டாள். மகன் கல் தேடி மலையேறத் தொடங்கியபோது, “உங்கப்பன் புத்தி உனக்கும் வந்துருச்சா?” என்று மண்ணை வாரித் தூற்றினாள்.

அவன் அந்தப் பொந்திலிருந்து திரும்பி நாலு நாளாகிறது. அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சோறும் இறங்கவில்லை. களைப்பாக இருக்கும் என்று அவள் விட்டுவிட்டாள்.

துரை மெடலைச் சட்டையில் குத்தினார். ரெண்டு வார்த்தை சொல்லச் சொன்னார்.

பச்சமுத்து துரையைப் பார்க்கவில்லை. வெங்கடாசலத்தைப் பார்த்தான்.

“எங்கப்பன் மலாயாவுக்குப் போகலீங்க. அந்தப் பொந்து போய் முடியறது, நீங்க மூடுன முதல் குழியிலதானுங்க. நரி அதைப் பின்னாடிதான் பறிச்சிருக்குது. உள்ளதான் எங்கப்பன் கெடக்கறாரு, பக்கத்துல அவரு உளியோட.”

பச்சமுத்து மாலையைக் கழற்றிக் கீழே வைத்தான்.

“குழி சரிஞ்ச அன்னிக்கே அதோட வாயில கல்லு வெச்சுப் பூசிட்டீங்க. உள்பக்கமா அந்தச் செவுத்தை உளியால ஒரு சாண் ஆழம் கொத்தியிருக்காருங்க. கொத்துன சத்தம் வெளிய கேட்டிருக்குமே, கிளார்க்கையா?”

அவன் என்ன சொல்கிறான் என்று துரை சிரித்த முகத்தோடு கேட்டார்.

வெங்கடாசலம் மொழிபெயர்க்கவில்லை.

பூவாத்தாள் எழுந்தாள். அழவில்லை. மகனிடமும் வரவில்லை. நேரே கம்பெனிக் கொட்டகைக்குப் போய், சுவரில் சாத்தியிருந்த கடப்பாரை ஒன்றை எடுத்துக்கொண்டு மலையை நோக்கி நடந்தாள்.

சற்று முன் சிரித்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து அவள் பின்னால் போனார்கள்.