அக்காவின் வளையல்

சென்னையில் சகாயம் மதியச் சோற்றோடு ஒரு துண்டு கருவாட்டைக் கடித்த சற்று நேரத்துக்கெல்லாம் போன் அடித்தது. தூத்துக்குடியிலிருந்து ரெஜினா அக்கா.

"ஏலே, என்னத்தத் தின்ன? வளையல் செக்கச்செவேல்னு இருக்கு!"

சிறுநீரகம் கொடுத்தவர்கள் எல்லோர் கையிலும் இப்போது அந்த வளையல் உண்டு. கொடுத்தது எப்படி இருக்கிறது என்று நிறத்தில் காட்டிவிடும்.

"சின்னத் துண்டுதான்க்கா."

"உப்புல ஊறுன துண்டு! உனக்குள்ள இருக்குறது என் கிட்னி, ஞாபகம் வச்சுக்க."

திட்டி முடித்தபின் அக்கா வழக்கம்போல ஊர்க்கதை பேசினாள். கோயில் கொடியேற்றம், காயப்போட்ட துணியை நனைத்த மழை, மருமகளின் பிடிவாதம். சகாயம் சிரித்துக்கொண்டே கேட்டான்.

அன்றே அவன் மனைவி பிலோமினா மிச்சக் கருவாட்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். அதன்பின் அவன் உப்புக் குறைத்த ரசமும் புடலங்காயும் சாப்பிட்டான், காலையில் நடந்தான். உடம்பு லேசானது. டாக்டர் கைகுலுக்கினார். அக்காவின் போன் மட்டும் வரவே இல்லை.

"நீங்களே கூப்பிடலாம்ல?" என்றாள் பிலோமினா.

"என்னன்னு கூப்பிட? அவளுக்கு ஆயிரம் வேலை."

ஒரு ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து வரும்போது போன் அடித்தது.

"ஏலே, வளையல் பச்சையாவே கெடக்கே. நல்லாத்தான இருக்க?"

"நல்லா இருக்கேன்க்கா."

"அப்ப சரி." அக்கா போனை வைக்கவில்லை. குரலைத் தாழ்த்தினாள். "நாளைக்கு ஒரு பொட்டு ஊறுகா தொட்டுக்கோலே. உன்னைத் திட்டி எம்புட்டு நாளாச்சு."